பிரம்புக்கு ஓர் உறை

ஐயா, அம்மா, இருவருக்கும் என் பணிவான வணக்கம்.

சென்ற வாரப் பகுதியைப் படித்த வாசக அம்மையார் ஒருவர், “எப்போதும் காய்ச்சலும் சாவுமாகவே எழுதுகிறீர்களே, தோட்டத்துப் பிள்ளைகள் சிரித்ததே கிடையாதா?” என்று கேட்டு ஆசிரியருக்குக் கடிதம் விடுத்திருந்தார். சிரித்தோம், அம்மா. அந்தச் சிரிப்பைத்தான் இவ்வாரம் எழுதத் துணிந்திருக்கிறேன். படித்து முடித்தபின் தாங்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும்.

இருபத்தொரு ரேகைகள்

என் கண்முன் இன்றும் நிற்பது ஒரு நீண்ட வெள்ளைத் தாள். அதன் இடது ஓரத்தில், மேலிருந்து கீழாக, இருபத்தொரு கரிய பெருவிரல் ரேகைகள். அவற்றுக்கு எதிரே ஓர் எழுத்தும் இல்லை.

இடம், மலாயாவில் சிலாங்கூர் ஆற்றுக்கு வடக்கே, ரப்பர்க் காடு முடிந்து கடலோரச் சேறு தொடங்கும் எல்லையில் இருந்த ஒரு தோட்டம். பெயரைக் கூறேன். காலம், முதல் பெரும் போர் முடிந்து சில ஆண்டுகள் சென்ற காலம். எனக்குப் பத்து வயதோ, பதினொன்றோ.

பள்ளிக்கூடம் என்பது புகைக் கொட்டகையை ஒட்டி இறக்கப்பட்ட ஒரு தாழ்வாரம். ரப்பர்ப் பாலை உறையவைத்த தகடுகள் உள்ளே புகையில் தொங்கும். பிள்ளைகள் வெளியே புகையில் அமர்ந்திருப்போம். எங்கள் தலைமயிரிலும் புத்தகத்திலும் அந்த நாற்றமே. பாடம் சொன்னவர் தோட்டத்துக் கணக்கரான கிராணியார். யாழ்ப்பாணத்தவர், மெலிந்த, கண்ணியமான மனிதர். காலையில் அலுவலகம், பிற்பகலில் நாங்கள்.

அன்று அவர் அந்த வெள்ளைத் தாளுடன் வந்தார்.

“பிள்ளையள், கவனமாய்க் கேளுங்கோ. துரைசாணி அம்மா கிறிஸ்மசுக்கு உங்களுக்குச் சாமான் குடுக்கப் போறாவாம். ஆளுக்கு ஒண்டு. என்ன வேணுமெண்டு நீங்களே சொல்ல வேணுமாம்.”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கிறிஸ்துமஸ் என்பது வெள்ளைக்காரத் தீபாவளி என்ற அளவில் அறிவோம். அன்று பெரட்டு மணி அடிக்காது. அதிகாலையில் ஆட்கள் கூடிப் பெயர் கொடுக்கும் களம் வெறிச்சென்று கிடக்கும். ஆனால், எங்களை ஒருவர் ‘என்ன வேண்டும்’ என்று கேட்பது அதுவே முதன்முறை.

கிராணியார் என்னை அழைத்தார். “அஞ்சலை, உன்ரை கையெழுத்துத்தான் நல்லது. நீ எழுது. எனக்கு அலுவலகத்திலை வேலை கிடக்கு.”

கருவாட்டுத் தாளில் கற்ற தமிழ்

என் கையெழுத்தைப் பற்றி ஒரு சொல். பள்ளியில் நான் கற்றது எழுத்துகளை மட்டுமே. வாக்கியங்களைக் கற்றது வேறிடத்தில். பாகான் நக்கோடா ஓமார் என்னும் மீனவர் ஊரிலிருந்து வரும் கருவாட்டைக் கடைக்காரர் பழைய தமிழ்ப் பத்திரிகைத் தாளில் மடித்துத் தருவார். அம்மா கருவாட்டை எடுத்துக்கொண்டு தாளை எனக்குத் தருவாள். உப்புப் பூத்த அந்தத் தாள்களில் ‘ஆகையினால்’, ‘இதன்பொருட்டு’, ‘தாழ்மையுடன்’ முதலிய சொற்களைக் கண்டு, அவற்றை வாய்க்குள் உருட்டி மகிழ்வேன். மற்றப் பெண்கள் வளையல் சேர்த்தார்கள். நான் சொற்களைச் சேர்த்தேன். இந்த நடையும் அங்கிருந்து வந்ததே. இன்றும் நல்லதொரு சொற்றொடர் அமையும்போது மூக்கில் கருவாட்டு வாடை தட்டும்.

நான் எழுத்தில் கர்வம் கொண்டவளாக இருந்தேன். பின்னால் நிகழ்ந்ததற்கு அதுவே வேர். ஆகவே அதை மறைப்பது முறையன்று.

முதலில் ரேகை, பிறகு எழுத்து

இன்றைய வாசகர்களுக்கு மற்றொன்றையும் விளக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் தாள் என்றாலே மனு. ஊருக்குப் போக விடுப்புக் கேட்டும், ஆட்களின் வரிசை வீடான லயத்துக் கூரை ஒழுகுகிறது என்றும் துரைக்கு மனு எழுதுவார்கள். எழுதத் தெரியாதவர்கள் அலுவலகத்தின் பின்வாசலில் வரிசையாக நின்று, வெற்றுத் தாளில் பெருவிரலைப் பதித்துவிட்டு வேலைக்காட்டுக்குப் போவார்கள். அவர்கள் சொன்னதை நினைவில் வைத்துக் கிராணியார் ஒழிந்த வேளையில் எழுதி முடிப்பார். முதலில் ரேகை, பிறகு எழுத்து. தன் ரேகைக்குமேல் என்ன எழுதப்பட்டது என்று எவரும் கேட்டதில்லை. கேட்டாலும் படிக்க இயலாது.

பெரியவர்களைப் பார்த்து வளர்ந்த நாங்களும் அவ்விதமே செய்தோம். அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து, இருபத்தொரு பேரும் வரிசையில் வந்து விரல் பதித்தோம். அதன்பிறகே நான் எழுதுகோலை எடுத்தேன்.

“சொல்லு, ஒனக்கு என்னா வேணும்?”

முதல் பையன், “மழை,” என்றான்.

“மழையா?”

“வெடியக்காலைல பேயணும். மரம் நனைஞ்சா சீவ முடியாதுல்ல? எங்கப்பா வூட்ல இருப்பாரு. சாயந்தரம் வேணாம். நாங்க வெளையாடணும்.”

“மழையைத் துரைசாணி எப்படிடா குடுப்பாங்க?”

“தொரைகிட்ட சொன்னா பேயும் லா!”

எல்லாரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. துரை சொல்லி நடவாத காரியம் ஒன்றை அவன் அதுவரை கண்டதில்லை.

மற்றொருவனுக்கு மோட்டார் காரின் ஊதுகுழல் மட்டும் வேண்டும், மோட்டார் வேண்டாம். இரட்டையர் இருவருக்கு ஒரே ஒரு சோடிச் சப்பாத்து. ஆளுக்கு ஒரு காலாம். ஒரு சிறுமிக்குச் சீனக் கடை முதலாளியான தவுக்கேயின் வாயில் மின்னுவது போன்ற தங்கப்பல். “ஒனக்கு இன்னும் பால் பல்லே விழலியேடி?” என்றதற்கு, “விழுற எடத்துல வச்சுக்குவேன்,” என்று விடையளித்தாள். கடைசிப் பலகையில் இருந்த சிறுவன் நெடுநேரம் யோசித்து, “எங்கம்மா ஒரு நா தூங்கணும். மணி அடிச்சாலும் எந்திரிக்கக் கூடாது,” என்றான்.

நான் எல்லாவற்றையும் மனு நடையிலேயே எழுதினேன். ‘அதிகாலையில் மாத்திரம் மழை பொழியச் செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்.’ எழுதி, உரக்கப் படித்துக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள். எனக்காக நான் எழுதிக்கொண்டது ஒரு புட்டி நீல மை.

சின்னப்பொண்ணு சொன்னது

பத்தொன்பதாவது ரேகை சின்னப்பொண்ணுவினுடையது. எங்கள் லயத்தில் அடுத்த அறை, காம்பரா என்போம். அவள் தந்தை மாரிமுத்து மாமா பால்வெட்டுக்காரர், பேசாத மனிதர். பெரிய கங்காணியின் ஆட்களில் ஒருவர்.

பெரிய கங்காணியைப் பற்றிச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆயினும் வேறு வழியில்லை. அவர் கையில் ஒரு பிரம்பு இருக்கும். பெரட்டுக்குப் பிந்தி வருபவர் முதுகில் அது விழும். பேச்சு எதுவும் இராது. அந்த வாரத்தில் இரண்டு முறை மாரிமுத்து மாமாவின்மேல் விழுந்திருந்தது. அவர் மனைவி சட்டையைக் கழற்றி மஞ்சள் பற்றுப் போட்டதை இடைச்சுவர் மேலாக நாங்கள் பார்த்தோம்.

“சொல்லுடி, சின்னப்பொண்ணு.”

அவள் குறும்புக்காரி. கண்ணை இடுக்கிக்கொண்டு, “கங்காணி பெரம்புக்கு ஒரு ஒறை வேணும்,” என்றாள்.

“ஒறையா?”

“தலகாணிக்குப் போடுறோமே, அது மாரி. மெத்து மெத்துன்னு. விழுந்தா நோவக் கூடாது.”

தாழ்வாரமே அதிர்ந்தது. மழை கேட்டவன் பலகையிலிருந்து உருண்டு விழுந்தான். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உடனே அவள் என் முழங்கையைப் பற்றினாள்.

“ஏ அஞ்சல, எழுதிராதடி. சும்மா சொன்னேன். எனக்குப் பச்ச ரிப்பன். ஒரு மொழம் போதும். அதை எழுது.”

“சரிடி,” என்றேன்.

கரிவிரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அவள் விளையாடப் போனாள்.

நான் தாளைப் பார்த்தேன். ரிப்பன் என்று ஏற்கெனவே மூன்று பேருக்கு எழுதியாகிவிட்டது. பிரம்புக்கு உறை என்று உலகத்தில் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதற்குரிய சொற்கள் என் வாயில் ஊறத் தொடங்கின. எழுதினேன்: ‘கங்காணி அவர்களின் பிரம்புக்கு, மேலே படுங்கால் நோகாதிருக்கும்பொருட்டு, மெத்தென்ற ஓர் உறை தந்தருளுமாறு வேண்டுகிறேன்.’

அதுவரை நான் எழுதியவற்றுள் அதுவே சிறந்த வாக்கியம். அதன் இடது ஓரத்தில் அவளுடைய பெருவிரல் ரேகை.

துரைசாணியின் விரல்

மறுநாள் துரைசாணி தாமே பள்ளிக்கு வந்தார். சீமையிலிருந்து வந்து ஓராண்டுகூட ஆகாத இளம்பெண். கிராணியாரின் அருகில் நாற்காலியிட்டு அமர்ந்து, ஒவ்வொரு ரேகையின்மேலும் விரலை வைக்க, கிராணியார் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மழைக்குச் சிரித்தார். தங்கப்பல்லுக்குக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

விரல் பத்தொன்பதுக்கு வந்தது. கிராணியார் வாசிப்பதை நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பின்பு ஏதோ சொன்னார். துரைசாணி, “ஓ!” என்று கைகளைத் தட்டி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ‘எந்தப் பிள்ளை?’ என்று கேட்டிருக்க வேண்டும். கிராணியார் சின்னப்பொண்ணுவைச் சுட்டினார். துரைசாணி அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அவள் மகிழ்ந்துபோனாள். “ரிப்பன் கெடச்சிரும்டி!” என்றாள்.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம்.

பங்களாத் திடலில்

கிறிஸ்துமஸ் காலையில் ஆட்கள் எல்லாரும் துவைத்த துணி உடுத்திப் பங்களாத் திடலுக்குச் சென்றோம். புல் ஈரமாக இருந்தது. எண்ணெயில் பொரித்த ஏதோ ஒன்றின் மணம் பங்களாவின் பின்புறமிருந்து வந்துகொண்டிருந்தது.

பிள்ளைகள் யாவருக்கும் ஒரே பரிசுதான்: ஒரு பொட்டலம் பிஸ்கோத்து, ஒரு தகர ஊதல். மழை கேட்டவனுக்கும் ஊதல்; தாயின் தூக்கம் கேட்டவனுக்கும் ஊதல். எனக்கு மட்டும், ‘அழகாக எழுதியதற்காக’ என்று கூறி, நான் கேட்ட நீல மையைத் துரைசாணி தம் கையாலேயே கொடுத்தார்.

அதன்பிறகு சின்னப்பொண்ணுவை மேசையருகே அழைத்தார். ஒரு நீண்ட பொருளை எடுத்தார். சிவப்புக் கம்பளித் துணி. ஓரத்தில் வெள்ளை லேசு. வாய்ப்புறம் இழுத்துக் கட்ட நாடா. அதை அவள் கையில் வைத்து, பெரிய கங்காணி நின்ற திசையைக் காட்டினார்.

அது என்னவென்று அவளுக்கு விளங்கச் சிறிது நேரம் ஆயிற்று. விளங்கியதும் அவள் திரும்பிப் பார்த்தது துரைசாணியையன்று; தன் தந்தையையுமன்று. என்னைப் பார்த்தாள்.

அவள் நடந்துபோய்க் கங்காணியிடம் உறையை நீட்டினாள். கோட்டும் தலைப்பாகையும் அணிந்திருந்த அவர் அதைப் பெற்று, பிரம்பை நிதானமாக அதனுள் செருகி, நாடாவைக் கட்டி, துரைசாணிக்குச் சலாம் வைத்தார். துரை உரக்கச் சிரித்தார். துரை சிரித்ததால் கிராணியார் சிரித்தார். அதன்பின் ஆட்களும் சிரித்தார்கள். அந்த மனிதர் எதிரில் அவர்கள் அதுவரை சிரித்ததே இல்லை. ஒருமுறை தொடங்கிய பிறகு அவர்களால் நிறுத்த முடியவில்லை. என் தந்தையும் சிரித்தார். மாரிமுத்து மாமா ஒருவர் மட்டும் தலைகுனிந்து நின்றார்.

தாங்கள் கேட்ட சிரிப்பு அதுதான், அம்மா.

பிரம்புக்குச் சட்டை

மறுநாள் பெரட்டில் கங்காணி உறையிட்ட பிரம்புடன் வந்தார். என் தந்தை வீட்டில் வந்து சொன்னதை அவ்வாறே எழுதுகிறேன்.

“யாரு வூட்டுப் புள்ளடா எம் பெரம்புக்குச் சட்ட தச்சுக் குடுத்தது? நல்ல புள்ள. குளுருமேன்னு பாத்துருக்கு.” பின்பு மாரிமுத்து மாமாவின் எதிரில் வந்து நின்றார். “ஓம் மவ எனக்குத் தீவாளித் துணி எடுத்துக் குடுத்துட்டா மாரிமுத்து. நான் ஒனக்கு ஒண்ணுஞ் செய்யாம இருந்தா நல்லாவா இருக்கும்?”

அன்று மாலை மாமா மகளைக் கங்காணி வீட்டு வாசலுக்கு இழுத்துச் சென்று காலில் விழச் செய்தார். லயத்தார் அனைவரும் சுற்றி நின்றோம்.

“யாரு சொல்லிக் குடுத்து எழுதுன, புள்ள?” என்று கங்காணி மிகவும் அன்பாகக் கேட்டார்.

சின்னப்பொண்ணு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில், அம்மாவின் சேலைக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன்.

“யாருமில்ல. நாந்தான் சொன்னேன். வெரல் எம் வெரல்தான்.”

என் கையில் நீல மை பட்டிருந்தது. அதைச் சேலையில் மறைத்துக்கொண்டேன்.

அன்றுமுதல் கங்காணி எவரையும் அடித்ததில்லை. இதைப் பிறர் கேட்டால் நன்மை விளைந்தது என்றே எண்ணுவார்கள். அடிப்பதற்குத் தேவை இல்லாமல் போயிற்று. அவ்வளவே. மாமாவுக்குச் சதுப்பு ஓரத்து மர நிரையைக் கொடுத்தார். கிழட்டு மரங்கள், பட்டையில் பழைய முண்டுகள், எவர் சீவினாலும் கத்தி தவறும். நாள்தோறும் கங்காணி பின்னாலேயே போய்ப் பட்டையைத் தடவி, “மரத்துல காயம்,” என்பார். அவ்வளவுதான் சொல்வார். மரத்தைக் காயப்படுத்துபவனைத் தோட்டத்தில் வைக்க மாட்டார்கள். மரத்தின் காயத்திற்குத் துரையிடம் ஏடு இருந்தது. மனிதன் முதுகிற்கு இல்லை.

இரண்டு மாதம் சென்றிருக்கும். மாமாவுக்கு வேலைநீக்கத் துண்டு கொடுத்துவிட்டார்கள். வேலையும் இல்லை, காம்பராவும் இல்லை. சட்டி, பாய், தகரப்பெட்டி. கூடவே காய்ச்சலில் நடுங்கும் மனைவி. ஆற்றுத் துறைக்குப் போகும் மண்பாதையில் நான் ஓடிப்போய்ச் சின்னப்பொண்ணுவின் அருகில் நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் ஓடினேன். சேர்த்து வைத்திருந்த சொற்களில் ஒன்றும் வரவில்லை.

அவளே பேசினாள். கோபமாகக்கூட இல்லை.

“நான் என்னா சொன்னேன், நீ என்னா எழுதுன?”

நான் அழுதேன்.

“நல்லாத்தாண்டி எழுதுற,” என்று கூறிவிட்டு, பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

பாதி வாசித்தவர்

பல ஆண்டுகளுக்குப் பின், வேலை ஓய்ந்து, கண் மங்கிப்போயிருந்த கிராணியாரைச் சந்தித்தேன். நான் கேட்காமலே அவர் அந்த நாளைப் பற்றிப் பேசினார்.

“அஞ்சலை, அண்டைக்கு நான் என்ன வாசிச்சனான் எண்டு உனக்குத் தெரியுமோ? ‘கங்காணியின்ரை தடிக்கு ஒரு சட்டை.’ அவ்வளவுதான். நோகாமலிருக்க எண்டதை விட்டிட்டன். முழுக்க வாசிச்சிருந்தால் துரைசாணி கேள்வி கேட்டிருப்பா. என்ரை வேலை போயிருக்கும். பொம்மை எண்டு பொய் சொல்லியிருந்தால் அந்தச் சனம் அங்கையே இருந்திருக்கும். நான் பாதியை வாசிச்சன்.”

அவரைத் தேற்ற எனக்குத் தகுதி இல்லை. பாதி வாசித்தவருக்கு முன்னால், மாற்றி எழுதியவள் உட்கார்ந்திருந்தேன். அதை அவரிடமும் நான் சொல்லவில்லை.

தேடியது

திருமணமாகிப் பிள்ளைகள் வளர்ந்தபின், அவர்களைத் தேடினேன். கோலா குபு பக்கம் போனதாக ஒரு செய்தி கிடைத்தது. நான் சென்றபோது பழைய ஊரே இல்லை. வெள்ளத்திற்குப் பின் வேறிடத்தில் கட்டிய புதிய ஊர் இருந்தது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் விசாரித்தேன். வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு கிழவி மட்டும், “கடலோரத்துலேர்ந்து வந்த மாரிமுத்தா? பொண்டாட்டி வந்த மாசமே போயிட்டா. அவனும் அப்புறம் காச்சல்ல போயிட்டான். பொண்ணு ஒண்ணு இருந்துச்சு. யாரோ கூட்டிட்டுப் போனாங்க,” என்றாள்.

“எங்கே, ஆயா?”

“யாருக்குத் தெரியும்?”

அதற்குமேல் ஒன்றும் இல்லை. இருப்பாள் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பட்டியல் தாளும் எங்கே போயிற்றோ, அறியேன். ஒருவேளை, தோட்டத்துப் பிள்ளைகளின் வேடிக்கையான ஆசைகள் என்று சீமையில் ஏதோ ஒரு வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கலாம். அதை எடுத்து எவரேனும் சிரிக்கலாம். அங்கே இன்றும் அவள் விரலுக்கு எதிரே இருப்பது என் வாக்கியம்.

ஆகவே, திருத்தம் ஒன்றை இங்கே பதிவு செய்கிறேன். பத்தொன்பதாவது ரேகை: மாரிமுத்து மகள் சின்னப்பொண்ணு. அவள் கேட்டது பச்சை ரிப்பன், ஒரு முழம். உறையை எழுதியது நான்.

இதை எழுதி முடித்து, இருமுறை படித்துப் பார்த்து, அதன் பின்பே கைப்பிரதியின் அடியில் என் பெருவிரலைப் பதித்திருக்கிறேன். பத்திரிகையில் அது அச்சாகாமல் போகலாம்.

ஐயா, அம்மா, இந்தப் பக்கத்தைக் கிழித்து எதையும் மடித்துவிடாமல், வீட்டில் ஓரிடத்தில் பத்திரமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.